ஒரு கிட்டார், ஒரு குரல்: புதிய ஜப்பானிய பாப் பாடல்களைத் தனியாக வாசித்துப் பாட ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானியப் பாட்டு ஒன்றைக் கிட்டாரில் வாசித்துக்கொண்டே பாட ஆசைப்பட்டு, கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தேடி எடுத்து, நாலு நாள் போராடிவிட்டுக் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதலில் கையில் எடுத்தது யோஅசோபி என்ற இசை ஜோடியின் 'யோரு நி ககேரு'. நிமிடத்துக்கு 130 அடி வேகம், மூச்சுவிட இடமில்லாத மெட்டு, நடுவில் ஸ்கேல் வேறு மாறும். ஒரு மாதம் கழித்தும் பாட்டு பாட்டாக வரவில்லை. விரலிலும் குரலிலும் குறை தேடினேன். உண்மையில் கோளாறு பாட்டைத் தேர்ந்தெடுத்ததில் இருந்தது. அந்தப் பாட்டு கணினியில் கட்டிய இசைக்குள் வாழும் பாட்டு. அந்த இசையை எடுத்துவிட்டு ஒரே கிட்டாரை வைத்து நிறுத்த வேண்டுமானால் முதல் பாட்டாக எடுத்தவரால் முடியாது.

ஜப்பானில் இப்படித் தானே வாசித்துத் தானே பாடுவதற்குத் தனிப்பெயரே உண்டு: ஹிகிகதாரி. 'ஹிகி' என்றால் கிட்டார், பியானோ மாதிரி வாத்தியம் வாசிப்பது, 'கதாரி' என்றால் சொல்வது, எடுத்துரைப்பது. (கேட்க நம் 'கதை' மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் தொடர்பு கிடையாது.) பீவா என்ற கம்பி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு போர்க்கதைகளைச் சொல்லிவந்த பார்வையற்ற கலைஞர்களின் மரபு அங்கே பல நூற்றாண்டு பழையது. பெயரில் 'பாடுவது' என்று இல்லை, 'சொல்வது' என்று இருக்கிறது, அதைக் கவனியுங்கள். கிட்டார் சொல்லுக்கு வழிவிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க இதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லப்போகிறேன்.

முதல் வேலை: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு ஒரே ஒரு சோதனை போதும். வாத்தியம் எதுவும் இல்லாமல், கையால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு பாட்டின் முதல் பகுதியையும் உச்சப் பகுதியையும் முணுமுணுத்துப் பாருங்கள். அப்போதும் பாட்டு நின்றால் ஒரு கிட்டாரோடும் நிற்கும். மனதுக்குள் ட்ரம்ஸும் சிந்தசைசரும் ஓடினால்தான் நன்றாக இருக்கிறது என்றால் அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஹிட் பட்டியலில் முதலிடம் பிடித்தது என்பதெல்லாம் இதற்கு உதவாது. யோஅசோபியின் 'ஐடோல்' 2023-ல் பில்போர்டு ஜப்பானின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம், ஆனால் தனிக் கிட்டாருக்கு அது சுலபமான பாட்டு இல்லை. அதே பட்டியலில் 2021-ல் முதலிடம் பிடித்த யூரியின் 'டிரை ஃபிளவர்' தனிக் கிட்டாருக்கென்றே செய்தது போல உட்காரும்.

நான் முதலில் கைகாட்டுவது ஐம்யோனைத்தான். 1995-ல் ஹியோகோ மாகாணத்து நிஷினோமியாவில் பிறந்தவர். 2022 நவம்பரில் அதே ஊரில் இருக்கும் கோஷியென் பேஸ்பால் மைதானத்தில், இசைக்குழு இல்லாமல், ஒரு கிட்டாரோடு தனியாக நின்று ஒரு முழுக் கச்சேரியே நடத்தினார். அவ்வளவு பெரிய மைதானத்தைத் தனியாக நிரப்ப முடிகிறது என்றால் பாட்டின் எலும்பே அவ்வளவு உறுதி என்று அர்த்தம். 'மேரிகோல்டு' (2018), 'கிமி வா ரொக்கு ஓ கிகனாய்' (2017), கொஞ்சம் மெதுவாக வேண்டுமென்றால் 'ஹதக நோ கொகொரோ' (2020). ஜப்பானியப் பாடகிகளில் பலரோடு ஒப்பிட்டால் இவர் குரல் சற்றுத் தாழ்ந்தது, அதனால் உச்சஸ்தாயியில் கத்த வேண்டியிருக்காது. ஆரம்பிப்பவருக்கு அது பெரிய நிம்மதி.

அடுத்து யூரி. 'டிரை ஃபிளவர்' (2020) பிரிந்துபோன ஒரு பெண்ணின் பார்வையில் ஓடும் பாட்டு. அதற்கு முந்தைய 'ககுரெம்போ' (2019) அதே கதையை ஆணின் பக்கத்திலிருந்து சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து பாடினால் ஒரு சிறுகதையை வாசித்த மாதிரி இருக்கும், ஒரு சின்னக் கூட்டத்துக்கு முன்னால் பாட அருமையான ஜோடி. அவருடைய 'லியோ' (2022) ஒரு வளர்ப்பு நாயின் வாயால் சொல்லப்படுவது. மெட்டு சிக்கலில்லை, ஆனால் குரல் உடையாமல் கடைசி வரை பாடுவது சிரமம், எனக்கு இன்னமும் சிரமம்தான்.

டூகி எழுதிப் பாடிய 'பன்சங்கா' (2023) வந்தபோது அவருக்கு 15 வயது. வீட்டிலிருந்து கிட்டாரோடு பாடிக் குறுங்காணொளிகள் போட்டுத்தான் கவனம் பெற்றார், ஆகவே இந்தப் பாட்டு பிறந்ததே ஹிகிகதாரியாகத்தான். இதோடு சாசி டாக்கின் 'சிண்டெரெல்லா பாய்' (2021), மகரோனி எம்பித்ஸுவின் 'நந்தெமொ நாய் யோ' (2021), பேக் நம்பரின் 'சுயிஹெய்சென்' (2020) ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது, கொரோனாவால் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் விளையாட்டுப் போட்டிகள் ரத்தான வருடத்தில் அந்த மாணவர்களை நினைத்து எழுதியது. கொஞ்சம் சத்தமாக, ஆட்டமாக வேண்டும் என்பவர்களுக்கு வௌண்டியின் 'கைஜூ நோ ஹனவுதா' (2020). மிசெஸ் கிரீன் ஆப்பிளின் பாடல்கள் எனக்கு உயிர், ஆனால் 'லைலாக்' (2024) பாட்டின் கிட்டார் வேகமும் குரல் போகும் உயரமும் இரண்டு பேருக்கான வேலை. பிற்பாடு பார்க்கலாம்.

உங்கள் சுருதியும் கேப்போவும்

மூலப் பாடகரின் ஸ்கேலில்தான் பாட வேண்டும் என்ற பிடிவாதத்தை முதலில் விடுங்கள். பாட்டின் மிக உயர்ந்த இடம் எதுவென்று கண்டுபிடியுங்கள், பெரும்பாலும் உச்சப் பகுதியின் நடுவிலோ கடைசி வரியிலோ இருக்கும். அந்த இடத்தை மட்டும் தொடர்ந்து மூன்று தடவை பாடுங்கள். மூன்றாவது தடவையும் தொண்டை இறுகாமல் வந்தால் அதுதான் உங்கள் ஸ்கேல். இறுகினால் ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள ஒரு கட்டம்) அளவு இறக்கி மறுபடி பாருங்கள்.

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். 'மேரிகோல்டு' டி மேஜரில் இருக்கிறது. கேப்போவை (கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) 2-ஆம் ஃப்ரெட்டில் மாட்டி சி ஸ்கேல் கார்டுகளைப் பிடித்தால் டி கிடைத்துவிடும். உங்களுக்கு அது உயரம் என்றால் கேப்போவைக் கழற்றிவிடுங்கள், அதே கார்டுகள், சி ஸ்கேல். ஆண்களுக்கு பெண் பாடகியின் பாட்டு ஒரு ஸ்தாயி கீழே போனால் முணுமுணுப்பாகிவிடும், அதே ஸ்தாயியில் போனால் கழுத்து நரம்பு புடைக்கும். அவர்கள் நாலைந்து ஃப்ரெட் அளவு இறக்கிப் பார்க்கலாம். டி-யிலிருந்து 5 இறக்கினால் ஏ. கேப்போ 2-ல் மாட்டி ஜி ஸ்கேல் கார்டுகளைப் பிடித்தால் ஏ. அவ்வளவுதான் கணக்கு: நீங்கள் பிடிக்கும் கார்டின் பெயரோடு கேப்போ இருக்கும் ஃப்ரெட் எண்ணைக் கூட்டினால் காதில் விழும் சுருதி.

கேப்போவை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் மாட்டுங்கள், நடுவில் மாட்டினால் கம்பி இழுபட்டு சுருதி ஏறிவிடும். மாட்டிய பிறகு இன்னொரு தடவை ட்யூனரில் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டார் விலையைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே பலரும் முதலில் வாங்கும் யமஹா எஃப்310 இந்தப் பாடல்கள் அத்தனைக்கும் போதும்.

கார்டுகள்: மூன்று வரிசை தெரிந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று

ஜப்பானிய பாப்பில் திரும்பத் திரும்ப வரும் கார்டு வரிசைகளுக்கு அங்கே பெயரே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட இவற்றைக் கையில் ஏற்றிக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் சி ஸ்கேலில் சொல்கிறேன், கேப்போவை வைத்து எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளுங்கள்.

முதலாவது கேனன் வரிசை. பாஹெல்பெல் என்ற ஜெர்மானியரின் 'கேனன்' என்ற இசைப்படைப்பிலிருந்து வந்த பெயர். சி, ஜி, ஏ மைனர், ஈ மைனர், எஃப், சி, எஃப், ஜி. 'மேரிகோல்டு' இந்தப் பாதையில்தான் நடக்கிறது. இரண்டாவது 'ஓதோ ஷிங்கோ', அதாவது ராஜபாட்டை வரிசை: எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர். ஜப்பானிய உச்சப் பகுதிகளில் வரும் அந்த இனிப்பும் ஏக்கமும் கலந்த உணர்வு பாதி இந்த நாலு கார்டிலிருந்து வருகிறது. ஒரு தடவை மெதுவாக வாசித்துப் பாருங்கள், கேட்ட மாதிரியே இருக்கும். மூன்றாவது 'மருசா' வரிசை. ஷீனா ரிங்கோவின் 1999-ஆம் வருடப் பாட்டு 'மருனோஉச்சி சதிஸ்திக்கு', அதன் பெயரின் சுருக்கம்தான் மருசா. எஃப் மேஜர் செவன், ஈ செவன், ஏ மைனர் செவன், சி செவன். இரவு நகரத்தில் தனியாக நடப்பது போன்ற ஒரு சாயல். ஐம்யோனின் 'ஐ ஓ த்ஸுதயெதாய் ததொகா' (2017) இந்த வகை.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் எஃப். ஒரே விரலைக் குறுக்கே வைத்துப் பல கம்பிகளை அழுத்தும் பார் கார்டு வராவிட்டால் அழ வேண்டாம். எஃப் மேஜர் செவன் பிடியுங்கள்: நாலாவது கம்பியில் 3-ஆம் ஃப்ரெட், மூன்றாவதில் 2, இரண்டாவதில் 1, முதல் கம்பி (மிக மெல்லியது) திறந்தபடி. ஐந்தையும் ஆறையும் மீட்டாதீர்கள். பல ஜப்பானியப் பாடல்களுக்கு வெறும் எஃப்-ஐ விட இதுதான் அழகு. ஜி ஸ்கேலுக்குப் போனால் பி மைனர் மிரட்டும். அங்கே பி மைனர் செவன்: ஐந்து, மூன்று, ஒன்று ஆகிய கம்பிகளில் 2-ஆம் ஃப்ரெட், நாலும் இரண்டும் திறந்தபடி, ஆறாவதைத் தொடக் கூடாது. இந்த இரண்டும் தெரிந்தால் பார் இல்லாமலே முதல் பத்துப் பாட்டை ஓட்டிவிடலாம்.

கார்டு எடுக்க ஜப்பானியர்கள் பெரும்பாலும் யூ-ஃப்ரெட் என்ற தளத்துக்குப் போவார்கள், அங்கே ஸ்கேலை மாற்றிக்கொள்ளலாம், எளிய கார்டுகளாகவும் காட்டச் சொல்லலாம். அங்கே ஒரு கார்டுக்கு நடுவில் 'ஆன்' என்று எழுதியிருப்பார்கள், உதாரணமாக 'ஜி ஆன் பி'. நாம் சாய்கோடு போட்டு எழுதுவதைத்தான் அவர்கள் அப்படி எழுதுகிறார்கள்: ஜி கார்டு, ஆனால் அடியில் ஒலிக்கும் சுரம் பி. முடிந்தால் இவற்றை விட்டுவிடாதீர்கள். கேனன் வரிசையில் சி, ஜி ஆன் பி, ஏ மைனர் என்று போகும்போது அடிச்சுரம் படிப்படியாக இறங்கும், தனிக் கிட்டாருக்கு பேஸ் வாசிப்பவர் கூட இருக்கிற உணர்வை அதுதான் தருகிறது.

சொல்: நமக்கு இங்கே ஒரு கொடுப்பினை இருக்கிறது

ஜப்பானிய மொழி தெரியாமல் பாடலாமா என்று கேட்கிறார்கள். பாடலாம், ஆனால் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, ஒவ்வொரு வரியின் பொருளையும் தெரிந்துகொள்வது. சொல்வதற்காகப் பிறந்த கலையில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் பாடினால் கேட்பவருக்கு ஐந்தே நொடியில் தெரிந்துவிடும். இரண்டு, மாத்திரை.

ஆமாம், நம் மாத்திரையேதான். ஜப்பானிய மொழி சம அளவுள்ள துடிப்புகளாக நடக்கிறது. குறில் ஒன்று, நெடில் இரண்டு. 'யுகி' என்றால் பனி, 'யூகி' என்றால் தைரியம். 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. குறில் நெடில் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது, எழுத்திலும் அப்படியே இருக்கிறது. அதனால் ரோமன் எழுத்தில் பாடலை எழுதி வைத்துக்கொள்வதைவிடத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வதே மேல்.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. நமக்கு ஒற்றெழுத்து அரை மாத்திரை. அவர்களுக்கு அது முழுத் துடிப்பு. 'ஷிம்புன்' (செய்தித்தாள்) நமக்கு இரண்டு அசையாகப் படும், அவர்களுக்கு ஷி-ம்-பு-ன் என்று நாலு. 'கித்தே' (தபால்தலை) கி-த்-தே என்று மூன்று, நடுவில் ஒரு துடிப்பு மௌனம். நாம் டோக்கியோ என்று வேகமாகச் சொல்வது அவர்களுக்கு தோ-ஓ-க்யோ-ஓ, நாலு துடிப்பு. மெட்டில் பல இடங்களில் அந்த ஒற்றுக்கே தனி சுரம் போட்டிருப்பார்கள். நாம் பழக்கத்தில் அதை விழுங்கிவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவிவிடுவோம், உடனே வரி முழுக்க தாளத்தைவிட ஓடிப்போய்விடும், குற்றத்தைக் கை மேல் போடுவோம். எனக்கு இது புரிய ஆறு மாதம் ஆனது. புதிய பாடல்களில் இரண்டு துடிப்பை ஒரே சுரத்தில் அடக்குவதும் உண்டு, அதனால் பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு துடிப்பையும் எழுதி, எது எந்த சுரத்தில் விழுகிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதும்போது க, த, ப ஆகியவற்றின் மெல்லிய ஒலிக்கும் (g, d, b) வல்லிய ஒலிக்கும் (k, t, p) வித்தியாசம் தெரியாது. மெல்லிய ஒலி வரும் எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். ஸ-வில் அதிர்வு வரும் (z) இடத்துக்கும் அதே கோடு. அவர்களுடைய ர நம் 'மரம்' என்பதில் வரும் ர-வுக்கு மிக அருகில் இருக்கிறது, அப்படியே சொல்லலாம். த-வையும் நம் த போலவே பல்லருகில் சொல்லுங்கள், ட ஆக்கிவிட வேண்டாம்.

வலது கை

முதல் வாரம் ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன் எதுவும் வேண்டாம். ஒரு அடிக்கு ஒரு டவுன் ஸ்ட்ரோக், அதன் மேல் முழுப் பாட்டையும் பாடுங்கள். சலிப்பாக இருக்கும், பரவாயில்லை. சொல் தாளத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்பது இதில்தான் உடம்பில் ஏறும். அப்புறம் எட்டு, அதாவது நாலு அடிக்கு எட்டு மீட்டல், கீழே மேலே என்று சமமாக. இங்கே ஜப்பானிய ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது, 'கரா பிக்கிங்': கம்பியைத் தொடாத இடத்திலும் கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், வெறும் காற்றில். கை நின்றால் தாளம் உடையும், கை நிற்கும் இடத்தில் வாயும் நிற்கும். சைக்கிள் பெடல் போல நினைத்துக்கொள்ளுங்கள்.

'மேரிகோல்டு' போன்ற பாட்டுக்கு எட்டு போதும். 'கைஜூ நோ ஹனவுதா'வுக்குத் துணிந்து கனமாக அடிக்கலாம். 'டிரை ஃபிளவர்', 'பன்சங்கா' மாதிரிப் பாடல்களின் தொடக்கத்தில் விரலால் ஒவ்வொரு கம்பியாக மீட்டினால் சொல் தெளிவாகக் கேட்கும்: கட்டைவிரல் அடிக்கம்பியில், மற்ற மூன்று விரல்கள் மூன்று, இரண்டு, ஒன்றில். ஒரே அச்சை முழுப் பாட்டுக்கும் ஓட்டாதீர்கள், அது தூங்க வைத்துவிடும்.

ஒரு கிட்டாரை வைத்து ஏற்ற இறக்கம் காட்டுவது

நம் சினிமாப் பாட்டு பல்லவியில் தொடங்கும், பாட்டின் முகமே முதல் வரிதான். ஜப்பானிய பாப் வேறு மாதிரி. 'ஏ மெரோ' என்ற பேச்சு போன்ற முதல் பகுதி, 'பி மெரோ' என்று ஏறும் பகுதி, அதற்குப் பிறகுதான் 'சபி', நம் பல்லவி போல மனதில் நிற்கும் உச்சப் பகுதி. (சில பாடல்கள் சபியிலேயே தொடங்கும், அதற்கும் தனிப்பெயர் இருக்கிறது.) கடைசி சபிக்கு முன்னால் பல பாடல்களில் 'ஓச்சி சபி' வரும்: வாத்தியங்கள் எல்லாம் விழுந்துபோய்க் குரல் கிட்டத்தட்டத் தனியாக நிற்கும் இடம்.

ஏ மெரோவை விரலாலோ உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகள் முடியும் இடம்) பக்கம் லேசாக வைத்து அமுக்கியோ வாசியுங்கள். பி மெரோவில் கையை எடுத்து மெதுவாகத் திறந்துவிடுங்கள். பி மெரோவின் கடைசி அடியில் ஒரு நொடி முழு மௌனம் விட்டுவிட்டு சபிக்குள் நுழைந்தால், பின்னால் ட்ரம்ஸ் இல்லாத குறையே தெரியாது. சபியில் முழு ஸ்ட்ரம்மிங். ஓச்சி சபிக்கு ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு மீட்டல், மீதி எல்லாம் குரல். இந்த இடத்தில் பயந்துபோய் நிறைய வாசிக்கத் தோன்றும். வாசிக்காதீர்கள். கேட்பவர் தலை நிமிர்ந்து பார்ப்பது அங்கேதான்.

கடைசி சபியில் ஸ்கேல் ஏறும் பாட்டாக இருந்தால் ஆரம்பத்தில் ஏற்றாமலே பாடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. நீளமான கிட்டார் சோலோ வரும் இடத்தை நாலு கார்டு சுற்றில் முடித்துவிடலாம். முதல் முறை முழுப் பாட்டு வேண்டாம் என்றால் ஏ, பி, சபி ஒரு சுற்று மட்டும் போதும். இதை ஜப்பானில் 'வன் கோரஸ்' என்பார்கள், குறுங்காணொளிகளில் பெரும்பாலும் இந்த அளவுதான் இருக்கும்.

வாயும் கையும் சேரும் வரை

வரிசையாகப் போங்கள். பாட்டைக் கிட்டார் இல்லாமல் பார்க்காமல் பாட முடிய வேண்டும். கிட்டாரைப் பாட்டு இல்லாமல், யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிக்கொண்டே வாசிக்க முடிய வேண்டும். இது முக்கியமான சோதனை, 'சாப்பிட்டாயா?' என்றால் 'ஆச்சு' என்று சொல்லும்போது கை தடுமாறினால் இன்னும் தயாராகவில்லை. பிறகு சொல் இல்லாமல் 'லா லா' என்று மெட்டை மட்டும் கையோடு சேர்த்துப் பாடுங்கள், கடைசியில் சொல். கார்டு மாறும் இடத்திலேயே சொல் தொடங்காமல் அரை அடி முன்னால் தொடங்கும் வரிகள் ஜப்பானிய பாப்பில் ஏராளம். தடுமாறுவது அந்த இடங்களில்தான், முழுப் பாட்டையும் திரும்பப் பாடாமல் அந்த இரண்டு நொடியை மட்டும் இருபது தடவை மெதுவாகச் செய்யுங்கள்.

மூலப் பாடகர்கள் எளிய வாத்தியத்தோடு பாடியதையும் தேடிக் கேளுங்கள். 2019-ல் தொடங்கிய 'தி ஃபர்ஸ்ட் டேக்' என்ற யூடியூப் சேனலில் ஒரே டேக்கில் பாடிய பதிவுகள் இருக்கின்றன, யூரியும் அங்கே 'டிரை ஃபிளவர்' பாடியிருக்கிறார். எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். மூச்சு எடுக்கும் இடம் தெரிந்தால் பாதிப் பாட்டு தெரிந்த மாதிரி.

கடைசியாகப் பதிவு. ஃபோனைக் கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள், அடிச்சுரம் முழங்கிக் குரலை மூழ்கடிக்கும். உங்களிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வாய் உயரத்துக்குச் சற்றுக் கீழே, கிட்டாரின் கழுத்துப் பக்கமாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். கேட்கும்போது ஒரே ஒரு கேள்வி: ஒவ்வொரு சொல்லும் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் குரலைக் கூட்ட வேண்டாம், கிட்டாரைக் குறையுங்கள். பிக்கை (கம்பியை மீட்டும் சின்ன வில்லை) கொஞ்சம் மெல்லியதாக மாற்றினாலே பல சமயம் சரியாகிவிடும்.